இருபது தெத்ரி

எவாந்தியாவை எழுப்பும் முறை எனக்குத் தெரியும்:
முதலில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்,
கால்களைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து
என் முழங்காலால் அவள் முழங்காலைத் தடுத்து
மூன்று எண்ண வேண்டும்.
பதினோரு வருடம்.
ஒருமுறைகூட அவளை நழுவவிட்டதில்லை.

தெசலோனிக்கியில் காலை ஏழு மணி,
அவளுடைய கஞ்சி ஆறிக்கொண்டிருந்தபோது
குத்தாயிசியிலிருந்து ஷூஷானா அழைத்தாள்.
"உன் அம்மா விழுந்துவிட்டாள். பயப்படாதே, பேசுகிறாள்."
பயப்படாதே என்ற பிறகுதான் பயந்தேன்.

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே.
கைப்பிடியை விட்டவள்
ரொட்டியை விடவில்லை.
எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று கேட்டேன்.
"சூடாக வாங்கிய ரொட்டி, மாக்வாலா.
நான் தொட்டபோது ஜில்லென்றிருந்தது."

லிஃப்டில் பழுதொன்றுமில்லை.
இருபது தெத்ரி காசு போட்டால்
முனகிக்கொண்டே ஏற்றிவிடும்.
அம்மா போடவில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளருமாம்.
ஊரார் தாயைத் தூக்கி நிறுத்தினால்
தன் தாய் தானே எழுவாள் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

இடுப்பில் ஆணி வைத்து அனுப்பினார்கள்.
தம்பி கோச்சா ஒரு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.
சுத்தமாக இருக்கிறது என்றான்.
பிறகு, மிகச் சுத்தமாக இருக்கிறது என்றான்.
பிறகு சிகரெட் பற்றவைக்கும் சத்தம்.
அவன் வீட்டில் இரண்டே அறை,
மூன்று பிள்ளைகள், படிக்கட்டில் விளக்கில்லை.
நான் திரும்பிவிடவா என்றேன்.
ஆணிக்கு யார் பணம் கட்டியது என்று
அவன் கேட்கவில்லை. எனக்கும் கேட்டது.

மூன்றாம் வாரம், இனி ஒருவேளை விழுந்தால் என்று
வீடியோவில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
போனை உப்பு டப்பாவில் சாய்த்துவைத்து
எவாந்தியாவின் சமையலறைத் தரையில் மல்லாந்தேன்.
"உருண்டு ஒருக்களி. முட்டி போடு.
நாற்காலியைப் பிடி. அவசரப்படாதே."
சக்கர நாற்காலியிலிருந்து பார்த்த எவாந்தியா
இது எந்தப் புனிதருக்கான நேர்த்திக்கடன் என்று கேட்டாள்.
அம்மா முழுவதும் பார்த்தாள்.
"நீ படுத்தாய், மகளே.
விழுவது வேறு."

அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

கம்பளத்தைச் சுருட்ட ஒப்புக்கொண்டாள்.
கழிப்பறையில் கம்பி, சரி.
குளியல் தொட்டியை எடுக்கக் கூடாது,
உங்கள் இருவரையும் அதில்தான் குளிப்பாட்டினேன் என்றாள்.
நான் எவாந்தியாவின் மகனிடம்
தொட்டியை எடுக்கச் சொல்லி வாதாடி ஜெயித்தவள்.
என் அம்மாவிடம் தோற்றேன்.
தொட்டிக்குள் ஒரு ஸ்டூல் என்று முடிந்தது.

தேடித் தேடி லமாரா கிடைத்தாள்.
த்கிபுலிக்காரி. இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பாள்.
என் சம்பளத்தில் பாதி அவள் சம்பளம்.
ஒருவரை எப்படி எழுப்புவாய் என்றேன்.
ஷூஷானாவை உட்காரவைத்துக் காட்டினாள்.
முழங்காலால் தடுத்தாள். எண்ணவில்லை,
"சரியா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நின்றாள்.
பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றாதது.
அவளிடம் நிறையக் கேட்டேன்:
மாத்திரை, இரவில் எத்தனை முறை விழிப்பாள், குடிப்பாளா.
அவளுடைய தாயை யார் பார்க்கிறார்கள்
என்று மட்டும் கேட்கவில்லை.

அலமாரியை ஒழித்தபோது
லமாரா ஒரு காப்பி டப்பாவைக் கண்டெடுத்தாள்.
கேமரா முன் குலுக்கினாள்.
எல்லாம் இருபது தெத்ரி.
"அதை வை," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.
"அவள் பெட்டிகளோடு வரும்போது
சில்லறை இல்லாமல் கீழே நிற்கக் கூடாது."

நூற்று அறுபத்துமூன்று இருந்ததாம்.
இன்று லமாரா ரொட்டி வாங்கப் போனாள்.
அம்மாவே ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறாள்,
திரும்பி ஏறிவர.

எவாந்தியா மணியடிக்கிறாள்.
வருகிறேன் என்கிறேன்,
எந்த மொழியில் என்று தெரியாமல்.